டாக்டருக்கு மாட்டிய ஹெல்மெட்

மார்லிஸ் ஹூடாக் முகம் வரைந்து பிழைத்தவள். சொந்தக் கற்பனை முகங்கள் அல்ல. டிவியிலோ சினிமாவிலோ ஓடி ஜெயித்த ஒரு கதையைக் காமிக்ஸ் புத்தகமாகப் போடும்போது, அதில் நடித்தவர்களின் முகம் பக்கத்துக்குப் பக்கம் அதே முகமாக இருக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் நகர்ந்தாலும் ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அந்த வேலையை அவள் இருபது வருடத்துக்கு மேல் செய்தாள்.

க்ளீவ்லாந்தை ஒட்டிய லேக்வுட்டில் நாங்கள் குடியிருக்கும் வீடு இரண்டு அடுக்கு. கீழே நான், மேலே அவள். அவளுடைய நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தத்தை வைத்தே வேலை எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவேன். உருளாமல் இருந்தால் நன்றாகப் போகிறது. ஜன்னலுக்கும் மேசைக்கும் போய்ப்போய் வந்தால் யாரோ எதையோ திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் அப்பா எஃகு ஆலை, அம்மா பள்ளிக்கூடச் சமையலறை. கல்யாணம் ஒன்று நடந்தது, முடிந்தது, இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. ஏரிக்கரை கேளிக்கைப் பூங்காவில் ஒரு குடை, இரண்டு ஸ்டூல் போட்டு, கோடை விடுமுறைக்கு வந்தவர்களை உட்கார வைத்துப் படம் போட்டுக் கொடுத்துத்தான் தொழிலைக் கற்றாள். ஐஸ்கிரீம் உருகுவதற்குள் ஒரு முகம் முடிய வேண்டும். "எவனும் அவன் முகத்தக் கேக்க மாட்டான். அவன் முகம்னு அவன் நெனச்சுட்டிருக்கான் பாரு, அதத்தான் கேப்பான்" என்பாள். பிறகு நடிகர்களிடம் மாட்டிக்கொண்டபோது அந்தப் படிப்பு உதவியது.

சினிமாக் காமிக்ஸ் என்பது என்ன மாதிரித் தொழில் என்று சொல்லிவிடுகிறேன். கதை ஸ்டூடியோவுடையது. முகம் நடிகனுடையது. புத்தகம் கம்பெனியுடையது. கோடு மட்டும் வரைகிறவளுடையது, அதையும் முதல் பக்கம் போடுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சங்கம் வைக்கலாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை, அதனால்தான் அவளுக்கு நான் தோழர். வீட்டில் உட்கார்ந்து சொந்தப் பேனாவில் வரைகிறவள் தொழிலாளி இல்லை, தனி முதலாளி என்று சட்டம் சொல்கிறது. பல் தேய்க்கிற பிரஷ் சொந்தமாக வைத்திருக்கிறேன், அதனால் நான் பல் டாக்டர் என்பது போல.

இதில் மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். மார்லிஸின் பெயர் எப்போதும் உள்ளே, கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற அளவில் வரும். அட்டையில் வந்ததே இல்லை. அட்டையில் கதை எழுதியவன் பெயர் வரும், சில சமயம் வண்ணம் போட்டவன் பெயர்கூட வரும். "பரவால்ல" என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உள்ளுக்குள் அவளுக்கு அது குறைதான்.

அந்த வருடம் பனி விடுவதற்குள் லாண்டர்ன் ஹில் காமிக்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. 'உப்புக் கோள்' என்ற விண்வெளித் தொடர் டிவியில் மூன்று வருடம் ஓடி நின்றது. நவம்பரில் அது சினிமாவாக வருகிறது. அதையொட்டிச் செப்டம்பரிலிருந்து மாதம் ஒன்றாக ஐந்து காமிக்ஸ். ஐந்தையும் மார்லிஸ் வரைய வேண்டும். அட்டையில் அவள் பெயர் வரும். கார்வின் என்ற புது எடிட்டர், முப்பது வயதுகூட ஆகாதவன், அவனாகவே சொன்னான்.

அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து என் சமையலறையில் நின்றாள்.

"தோழரே, பியர் இருக்கா?"

"மணி பதினொண்ணு, காலைல."

"இருக்கா இல்லயா?"

இருந்தது. கொடுத்தேன். பெயர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பாதியை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சிக்கல் டாக்டரால் வந்தது. கதையில் டாக்டர் ஹேஸ்லம் என்று ஒரு கப்பல் மருத்துவர். இடது கையில் இரண்டு விரல் கிடையாது, முழங்கால் வரை தொங்கும் சாம்பல் கோட்டு. அந்த வேடத்தில் நடித்த டிரெவான் என்பவருக்கு ஒப்பந்தத்தில் ஓர் உரிமை இருந்தது. அவர் முகம் அச்சில் வர வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் அவர் தரப்பு அனுமதி தர வேண்டும். கோட்டு, கருவி, கப்பல் எல்லாவற்றையும் ஸ்டூடியோவில் இன்னொரு மேசை பார்க்கும். முகம் பார்க்கிறவன் கோட்டைப் பார்க்க மாட்டான். கோட்டைப் பார்க்கிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான். இரண்டு பேரும் ஜென்மத்தில் பேசிக்கொண்டதில்லை.

முதல் அட்டைக்கு மார்லிஸ் டாக்டரைத்தான் முன்னால் நிறுத்தினாள். கன்னம் கொஞ்சம் இறங்கி, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, தொடரின் கடைசி வருடத்தில் இருந்த ஆள் அப்படியே. வயதைக் குறைக்கச் சொல்லி டிரெவான் தரப்பு திருப்பி அனுப்பியது. குறைத்தாள். கதை நடக்கிற காலத்துக்கு வயது போதவில்லை என்று ஸ்டூடியோ திருப்பியது. இடையில் ஒன்று போட்டாள். "இது யார்?" என்று டிரெவான் தரப்பு கேட்டது.

நாற்காலி என் தலைக்கு மேலே உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது.

முகத்துக்கு அனுமதி வராவிட்டால் இந்தத் தொழிலில் எல்லோரும் ஒன்றைத்தான் செய்வார்கள். முதுகைக் காட்டு, நிழலில் நிறுத்து, புகையைக் கிளப்பு, தலையில் எதையாவது கவிழ்த்துவிடு. ஒரு சினிமாக் காமிக்ஸில் யாராவது அடிக்கடி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றால், அவருக்கு மனக்கஷ்டம் என்று நினைக்காதீர்கள். நடிகர் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

மார்லிஸும் அதையே செய்தாள். வரைவதற்கு உதவியாக ஸ்டூடியோ ஒரு மூட்டை போட்டோ அனுப்பியிருந்தது. பழைய தொடரில் எடுத்ததும் புதுப் படத்தில் எடுத்ததும் கலந்து கிடந்தன. எதற்கும் விளக்கம் கிடையாது. அதில் ஒரு ஹெல்மெட் இருந்தது. செம்பு நிறம், முகம் முழுக்க மூடியது, கண்ணுக்குத் துளைகூடக் கிடையாது, நெற்றியில் மீன் செதில் மாதிரி வேலைப்பாடு. அழகாக இருந்தது. அதை எடுத்து டாக்டர் தலையில் மாட்டினாள். கோட்டு அப்படியே, விரல் இல்லாத கை அப்படியே.

"மூஞ்சியே இல்லன்னா எவன் என்ன சொல்லப் போறான்?" என்றாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டிரெவான் தரப்பு, முகம் இல்லை, எங்களுக்கு வேலை இல்லை என்று விட்டுவிட்டது. ஸ்டூடியோ மேசை, ஹெல்மெட் சரியாக இருக்கிறது, கோட்டும் சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்தியது. இது ஏப்ரலில்.

மே கடைசியில் சினிமாவின் டிரெய்லர் வந்தது. மார்லிஸ் அதைப் பார்க்கவில்லை. அவள் எதையும் ஓட விட்டுப் பார்க்கிறவள் இல்லை. நிறுத்தி நிறுத்தி, சத்தத்தை அணைத்துவிட்டு, காது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறவள். 'உப்புக் கோள்' கதை என்ன என்று கேட்டால் அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த டிரெய்லரில் செம்பு ஹெல்மெட் போட்ட ஒருத்தன் வந்து கதாநாயகியின் கப்பலை உடைத்துப் போடுகிறான். அவன் யார் என்பதுதான் படத்தின் ரகசியம். ஆறு மாதம் பொத்திப் பொத்தி வைக்க வேண்டிய ரகசியம்.

ஜூனில் லாண்டர்ன் ஹில்லின் செப்டம்பர் வெளியீட்டு அறிவிப்பு வந்தது. கடைக்காரர்கள் மூன்று மாதம் முன்பே அதைப் பார்த்துத்தான் எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்ல வேண்டும், வாங்கியதைத் திருப்ப முடியாது. மேடிசன் சாலையில் காமிக்ஸ் கடை வைத்திருக்கும் ரூடி அட்டைப்படத்தைப் பெரிதாக எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினான். கீழே கொட்டை எழுத்தில்: சித்திரம், மார்லிஸ் ஹூடாக்.

அதைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மணி, ஒரு கையெழுத்து" என்றான் ரூடி.

"புத்தகம் வரட்டும்டா. பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வெக்கச் சொல்ற."

"பேருதான் வெச்சாச்சே, இங்க பாரு."

அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே வா என்று ரூடி கூப்பிட்டும் போகவில்லை.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் என்றால் லேக்வுட் இல்லை, 'உப்புக் கோள்' ரசிகர்கள் இருக்கிற ஊர் எல்லாம். சாம்பல் கோட்டு, விரல் இல்லாத இடது கை, தலையில் டிரெய்லரில் வந்த அதே செம்பு ஹெல்மெட். இதைக் கூட்டிப் பார்க்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. டாக்டர்தான் வில்லன்.

நானும் அவளும் மாதா கோவில் கூடத்தில் வெள்ளிக்கிழமை போடும் வறுத்த மீன் வாங்க வரிசையில் நின்றபோது போன் அடித்தது. கார்வின்.

"மார்லிஸ், உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"என்னத்த?"

"படத்தோட முடிவ."

"என்ன முடிவு?"

"டாக்டர் தலைல அந்த ஹெல்மெட்ட ஏன் மாட்டுனீங்க?"

"அந்தாளு மூஞ்சிக்கு நீங்க அனுமதி வாங்கித் தரல கண்ணு, அதான் மாட்டுனேன். நீங்க அனுப்புன மூட்டைலதான் இருந்துச்சு."

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். எங்கள் முறை வந்துவிட்டது. உருளைக்கிழங்கா, கோஸ் சாலடா என்று பரிமாறுகிற பெண் கேட்டாள். ரெண்டும் என்று நான் சொன்னேன்.

ஸ்டூடியோ தீயாக நின்றது. அட்டையை உடனே மாற்று, டாக்டர் ஹெல்மெட் இல்லாமல், முகம் முழுதாகத் தெரிய, நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும், போன அட்டை தற்காலிகமாகப் போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றது. கடைகள் இறுதி எண்ணிக்கை சொல்ல ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் புது அட்டை வராவிட்டால் புத்தகமே ரத்து.

முகம் வேண்டும் என்று ஸ்டூடியோவே கேட்டதும் டிரெவானுக்கு என்ன ஆனது தெரியுமா? இரண்டு மாதமாகக் கிடைக்காத அனுமதி ஒரே சாயங்காலத்தில் வந்தது. அதுவும் முதலில் திருப்பி அனுப்பிய படத்துக்கு. கன்னம் இறங்கியது, கண்ணுக்குக் கீழே பை, எல்லாவற்றோடும்.

"பாத்தியா தோழரே" என்றாள் மார்லிஸ். "மொதலாளி கொரல் ஒசந்தா வயசும் ஒசந்துருது."

அந்தப் பென்சில் படத்தை வைத்துக்கொண்டு புது அட்டையை ஆரம்பித்தாள். மறுநாள் காலை கார்வின் மறுபடி கூப்பிட்டான். அப்போது நான் அவள் வீட்டில் ஏணி போட்டுக் கூரை விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தாள், கை முழுக்க மை.

"மார்லிஸ், ஒரு சின்ன விஷயம். அட்டைல பேரு வராது."

"யாரு பேரு?"

"உங்க பேரு. ஸ்டூடியோல சங்கடப்படறாங்க. ரகசியத்த வெளிய விட்டது நீங்கதான்னு பேச்சு ஆயிடுச்சு. லாண்டர்ன் ஹில் ஓவியர் குழுன்னு போட்டுக்கலாம்னு சொல்றாங்க. பணம் அதே பணம்."

அவள் தூரிகையைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

"அந்த அட்டைய எத்தன பேர் பாத்தீங்க கண்ணு?"

"நெறய பேர்தான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப உன் பேரயும் எடுத்துருவாங்களா?"

"மார்லிஸ், நான் உங்க பக்கம்தான். ஆனா என் கைல இல்ல."

"சரி. சாயந்திரம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் ஏணியில் நின்றபடியே, வேலையை நிறுத்து என்றேன். வேறு என்ன சொல்வேன்.

"ஒரு ஆளு வேலைய நிறுத்துனா அதுக்குப் பேரு வேலைநிறுத்தம் இல்ல, லீவு" என்றாள். "நீ மொதல்ல அந்த விசிறியக் கழட்டு, என் மண்டைல விழுந்துரப் போவுது."

கழற்றினேன். அவள் பாதி முடிந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கீழே இறங்கி வந்த பிறகு கேட்டாள்.

"அனுமதி எதுக்குத் தந்தான் அந்தாளு?"

"மூஞ்சிக்கு."

"மூஞ்சிக்கு இல்ல. இந்தப் படத்துக்கு. நான் போட்ட இதே கோடுகளுக்கு. வேற எவனாவது வரைஞ்சா திரும்ப மொதல்லருந்து அனுப்பணும். அவன் திரும்ப ரெண்டு மாசம் உக்காருவான். அவங்களுக்கு இருக்கறது ஒரு வாரம்."

"அவங்ககிட்டயே படம் இருக்கே?"

"போன்ல நான் எடுத்து அனுப்புன போட்டோதான் இருக்கு. தபால்தலை அளவு. அத அச்சடிச்சா டாக்டர் உருளைக்கிழங்கு மாதிரி இருப்பாரு."

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. புது அட்டை தயாராகிறது, நாளைக்கு முடிந்துவிடும், ஐந்து புத்தகத்திலும் அட்டையில் பெயர் உண்டு என்று எழுத்தில் வந்தால் அனுப்புவேன், வராவிட்டால் அனுப்ப மாட்டேன் என்றாள்.

கார்வின் நல்ல பையன்தான். உள்ளதைச் சொன்னான்.

"நான் மேல போய்க் கேக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அவங்க ஒத்துப்பாங்க. ஒத்துக்கிட்டு, இதுக்கப்புறம் உங்களக் கூப்பிட மாட்டாங்க. எங்க கம்பெனி மட்டும் இல்ல. ஸ்டூடியோ படம் பண்ற எல்லாருக்கும் இது போயிடும். பேரு இல்லாம இந்த ஒண்ண மட்டும் விட்டுக் குடுத்தீங்கன்னா அடுத்த வருஷம் ரெண்டு தொடர் இருக்கு, நான் உங்களுக்கு எடுத்து வெக்கறேன்."

"அதுல பேரு வருமா?"

"பேசிப் பாக்கலாம்."

"இருவது வருஷமா பேசிப் பாத்துட்டுதான் இருக்காங்க கண்ணு" என்றாள். "நீ மேல போய்க் கேளு."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குக் கோஸ் உருண்டை சூடு பண்ணிக் கொண்டுபோனேன். சாப்பிட்டாள். தப்புப் பண்ணிட்டனா என்று கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேறு என்ன வேலை தெரியும் என்று மட்டும் ஒருமுறை சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை, தட்டைப் பார்த்து.

மறுநாள் எழுத்தில் வந்தது. ஐந்து புத்தகம், ஐந்து அட்டை, பெயர். அவள் படத்தை அனுப்பினாள்.

செப்டம்பரில், புதன்கிழமை, புத்தகம் வந்தது. புதன்தான் புதுப் புத்தகம் வருகிற நாள். ரூடி கடையில் வாசல் வரைக்கும் ஆட்கள். இவ்வளவு பேர் வந்தது கதைக்காக இல்லை, ரகசியத்தை வெளியே விட்டவளைப் பார்க்க. ஸ்டூடியோ எவ்வளவு மறுத்ததோ அவ்வளவு நம்பினார்கள். குறுந்தாடி வைத்த ஒருத்தன் முன்னால் வந்து குனிந்து, குசுகுசுவென்று கேட்டான்.

"மேடம், வேணும்னேதான பண்ணீங்க? கம்பெனிக்குப் பாடம் கத்துக்குடுக்க?"

"இல்லப்பா. மூஞ்சி வரைய விடல. ஹெல்மெட் மாட்டுனேன்."

"புரியுது புரியுது" என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். அவள் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னாள், ஒருத்தரும் நம்பவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒரு பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெயர் இருந்தது. ஸ்டூடியோவின் வேலையாக இருக்கும், அறிவிப்பில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"என்ன, திருப்தியா அம்மணி?" என்றான் ரூடி.

"எழுத்து நெருக்கமா இருக்கு. ஆனா தூரத்துலருந்து தெரியுது" என்றாள். மூன்று பிரதிக்குப் பணம் கொடுத்தாள். இலவசமாகத் தருகிறேன் என்று அவன் சொன்னதைக் கேட்கவில்லை.

நவம்பரில் படம் வந்தது. டாக்டர்தான் வில்லன். ஜனவரியில் ஐந்தாவது புத்தகம் வந்தது. கார்வின் சொன்னது சொன்னபடி நடந்தது. அதற்குப் பிறகு போன் வரவில்லை. இரண்டு கம்பெனிகளுக்கு அவளே பேசினாள், மரியாதையாகப் பதில் சொன்னார்கள். இப்போது க்ளீவ்லாந்தில் கேமரா விடாத நீதிமன்றத்தில், டிவி செய்திக்காக, வழக்கில் நிற்கிறவர்களைப் படம் போடுகிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை, சில வாரம் அதுவும் கிடையாது. கை பழகியிருக்கிறது, தீர்ப்பு வாசிப்பதற்குள் முடித்துவிடுகிறாள். மற்ற நாட்களில் என் தலைக்கு மேலே நாற்காலி சும்மா இருக்கிறது. அதை வைத்து இப்போது என்னால் எதையும் சொல்ல முடியவில்லை.

போன வாரம் லாண்டர்ன் ஹில்லின் அடுத்த அறிவிப்பு வந்தது. சினிமாக் கதை நான்கு, டிவிக் கதை இரண்டு. ஓவியர் பெயர் எல்லா அட்டையிலும் போட்டிருந்தார்கள், அது புதுசு. அவள் பெயர் எதிலும் இல்லை. மார்லிஸுக்குக் காட்டலாமா என்று ரூடி என்னிடம் கேட்டான். காட்டு என்றேன். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்த மூணாவது அட்டைல அந்தப் பொண்ணுக்கு ஒரு கண்ணு கிழக்க பாக்குது, ஒரு கண்ணு மேக்க பாக்குது" என்றாள். "இத எப்படிரா விட்டாங்க? பாவம், யாருன்னு பேரு வேற போட்டுட்டாங்க."